உருண்டைக்குள் ஈரம்

உலர்த்தும் இயந்திரம் துணி காய்ந்துவிட்டதென்று மணியடித்து நிற்கிறது. தொட்டால் சுடுகிறது. அப்படியே கட்டி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பிரித்தால் தலையணை உறைகள் சொதசொதவென்று ஈரம். அதுவும் மதியம் போகும் கட்டுகளில் மட்டும். ஏனென்று சலவைக்கூடத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

மேனேஜருக்கு மட்டும் விளங்கிவிட்டது. மதியத்தில் இயந்திரத்தைப் பார்ப்பவள், எல்லோரும் புயல் என்று கூப்பிடும் பெண்.

"அவள சனிக்கிழமையோட நிறுத்திடும்மா," என்றார் சூப்பர்வைசரிடம்.

"என்ன தப்புன்னே தெரியாம எப்படி சார்?"

"அவசரக்குடுக்கை. காயறதுக்குள்ள உருவிடுறா. பேரே புயல்தானே!"

அந்தப் பேர் வேகத்துக்கு வைத்ததல்ல, தொண்டைக்கு வைத்தது. சூப்பர்வைசர் கீழே இறங்கி விசாரித்ததும் அது தெரிந்தது.

"மணி அடிச்சப்புறம்தான் எடுக்கறேன்! மேல கண்ணாடி ரூம்ல உக்காந்திருந்தா உனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் இங்க நின்னு பாரு, மகராசி!"

சுருக்கென்றது. கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள் சூப்பர்வைசர். அன்று மதியம் முழுக்கப் புயல் சொன்னபடி ஈரத்துணியை அள்ளிப் போட்டாள். இயந்திரத்தின் வட்டக் கதவு வழியே உள்ளே பார்த்தாள்.

மதியம் வருபவை மூலைகளில் எலாஸ்டிக் தைத்த மெத்தை விரிப்புகள். சுழலச் சுழல அந்த மூலைகள் பைபோல வாய் திறந்து சின்ன உறைகளை விழுங்கின. பிறகு விரிப்பே முறுக்கிப் பந்தாகிவிட்டது. சூடான காற்று உள்ளே நுழையவில்லை. இயந்திரத்துக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் உண்டு. ஈரத்துணி இரண்டிலும் படும்போது அதன் வழியே மின்சாரம் கடக்கும். காய்ந்த துணியில் கடக்காது. அப்போது மணி அடிக்கும். பட்டையில் படுவதோ பந்தின் வெளிப்புறம் மட்டும்.

முன்பெல்லாம் உறைகள் தனியாகக் காய்ந்தன. நேரத்தை மிச்சம் பிடிக்கச் சேர்த்துப் போடச் சொன்னவர் மேனேஜர். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருந்தாலும் கடைசிச் சுற்றைப் பாதியில் நிறுத்தி, புயலும் அவளுமாக உதறிப் போட்டுப் பார்த்தார்கள். காய்ந்தது. அதன் பிறகே மாடியேறி, பார்த்ததையும் உதறினால் காய்வதையும் மேனேஜரிடம் சொன்னாள்.

"சேத்துப் போடச் சொன்னது நீங்க. சொன்னதைச் செஞ்சவங்களுக்கு வேலை போகணுமா? இது என்ன நியாயம் சார்?"

"கத்தாதம்மா. அவ்வளவு பெரிய விரிப்ப ஒருத்தியால உதற முடியாது. இன்னொரு ஆளுக்கு எங்க போறது?"

"நான் இருக்கேன்."

"நீயா? துணி உதறினா உன்ன எவ மதிப்பா?"

"அவங்க வயித்துல அடிச்சுத்தான் எனக்கு மதிப்பு வரணும்னா, அத நீங்களே வச்சுக்கங்க. மருத்துவமனைகிட்டயும் நானே பேசறேன். தப்பு நம்ம முறையில, அவங்க மேல இல்லன்னு சொல்றேன்."

மேனேஜர் மேசைமேல் இருந்த தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார்.

இப்போது மதியச் சுற்றைப் பாதியில் நிறுத்துகிறார்கள். விரிப்பின் ஒரு முனையைப் புயல் பிடிக்கிறாள், மறுமுனையைச் சூப்பர்வைசர். நன்றாக உதறி, உள்ளே சிக்கிய உறைகளை வெளியே எடுத்து, எல்லாவற்றையும் தளர்த்திப் போட்டு மறுபடி ஓடவிடுகிறார்கள். உறைகள் காய்ந்து வருகின்றன.