ஒரே போனில் இரண்டு வேட்பாளர்கள்

மாணவர் சங்கத் தலைவர் தேர்தலில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் நின்றால் வீடு தாங்கும். ஒரே போனிலிருந்து நின்றால் தாங்காது. பிரச்சாரத்தின் முதல் நாளே தம்பியின் போன் துணி ஊறிக்கொண்டிருந்த வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. வலியில் துடிக்கிறவர்களையே வரிசையில் உட்கார வைத்துப் பழகியவள், இவர்களை விடுவாளா? தேர்தல் முடியும்வரை அக்காவின் போன் இருவருக்கும் பொது, ஷிஃப்ட் முறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒருத்தரை ஒருத்தர் போட்டோ எடுத்துக் குடுங்க. சண்டையெல்லாம் வாசலுக்கு வெளியில வச்சுக்குங்க."

ஆக, பரம எதிரிகள் இருவரும் ஒருவருக்கொருவர் புகைப்படக்காரர் ஆனார்கள். வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் சுவர் ஒன்றே ஒன்று, அதுவும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். அக்கா அதன் முன்னால் நின்று முழங்கினால் அது மக்கள் மேடை. தம்பி உட்கார்ந்தால் நூலகம்.

தம்பியுடையது யோசிக்கிற பாணி. மோவாயில் கை, மடியில் தடிமனான புத்தகம், பார்வை எங்கேயோ தொலைவில். தொலைவில் என்றால் வாஷிங் மெஷினில். அந்தப் புத்தகம் அப்பாவின் பழைய டெலிபோன் டைரக்டரி. பழுப்பு அட்டை போட்டதும் அது அரசியல் தத்துவம் ஆகிவிட்டது. கல்லூரியில் அவனுக்கு 'சிந்தனை' என்றே பெயர் விழுந்தது. அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான், பாவம். கட்சி என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு நாலு நண்பர்கள் இருந்தார்கள்.

"டேய், மூஞ்சியை இவ்ளோ இறுக்காத. பல்வலின்னு நினைச்சு அம்மா டோக்கன் குடுத்துடுவாங்க," என்பாள் அக்கா, போனைப் பிடித்தபடி.

"நீ எடு. அரசியல் உனக்குப் புரியாது."

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து அக்காவை அவன் எதிலும் ஜெயித்ததில்லை. மார்க், ஓட்டப்பந்தயம், ஜன்னல் சீட்டு, டப்பாவின் கடைசி பிஸ்கட் எல்லாமே அவளுக்குத்தான். இந்த ஒரு தடவையாவது, நாலு பேர் பார்க்க, அவள் தோற்க வேண்டும்.

வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில், விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று அக்கா கண்ணீரோடு ஒரு படம் போட்டாள். லைக் குவிந்தது. படத்தை எடுத்துக் கொடுத்தவன் தம்பி. அவள் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தன் ஷிஃப்ட் வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதினான்.

'இந்த வேட்பாளரைத் தெரிந்துகொள்ளுங்கள். லீவு நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. "மக்களோடு நான்" படத்தில் இருக்கும் மக்கள் எல்லோரும் சித்தி பெண்கள். அந்தக் கண்ணீருக்குக் காரணம் வெங்காயம். போதாக்குறைக்கு இவர் ஒரு ரவுடி. பள்ளியில் தன் தம்பியை அடித்தவனின் வீட்டுக்கே போய், அவனையும், விலக்க வந்த அவன் அண்ணனையும் சேர்த்து அடித்தவர். இப்படிப்பட்டவர் நமக்குத் தேவையா?'

கூடவே, அக்கா சோபாவில் வாயைப் பிளந்து தூங்கும் படம். பதிவிட்டு, வெற்றி வீரனாக வெளியே வந்தான். வாசலிலேயே அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். திரையைப் பார்த்தவள் முகம் மாறியது.

"அடப்பாவி, என்னைத் திட்டுறதை என் அக்கவுன்ட்லயேவா போடுவ?"

அவசரத்தில் அவள் கணக்கிலிருந்து தன் கணக்குக்கு மாற மறந்திருந்தான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா தலையணையைத் தூக்கியதும் கால் மட்டும் ஓடியது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றித் துரத்தினாள். நடுவில் போன் அதிர ஆரம்பித்து, நிற்கவே இல்லை.

'தன்னைத் தானே கலாய்ச்சுக்கிற வேட்பாளரை இப்பதான் பாக்குறேன்!'

'வெங்காயம்னு ஒத்துக்கிட்டாங்களே, எவ்ளோ பெரிய மனசு!'

'தம்பிக்காகவே இந்த அடின்னா, தண்ணிக்காக வார்டனை விடுவாங்களா? என் ஓட்டு இவங்களுக்குத்தான்.'

அந்த ரவுடி விஷயத்தைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மூச்சு வாங்க நின்றாள். தலையணை மெல்ல இறங்கியது.

"டேய், இதே மாதிரி இன்னொண்ணு எழுதித் தர்றியா?"

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் டைரக்டரியின் அட்டையைக் கழற்றிப் படம் எடுத்து, தான் பார்ப்பது வாஷிங் மெஷினைத்தான் என்ற உண்மையையும் எழுதி, மறக்காமல் தன் கணக்கிலேயே போட்டான். 'அக்காவைப் பாத்துக் காப்பி அடிக்கிறான்' என்று கல்லூரியே சிரித்தது. தன் சரக்கையே தான் திருடியதாகப் பெயர் வாங்கிய ஒரே அரசியல்வாதி அவனாகத்தான் இருப்பான்.

வாக்குப்பதிவன்று தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றான். சீட்டில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. பழக்க தோஷத்தில் கை மோவாய்க்குப் போனது. படம் எடுக்கத்தான் யாரும் இல்லை. பள்ளியில் அடி வாங்கிய அன்று உதட்டில் ரத்தத்தோடு அவன் வீட்டுக்கு வந்ததும், யார் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கால் செருப்போடு அக்கா படியிறங்கி ஓடியது ஞாபகம் வந்தது. வெளியே வரிசையில் யாரோ, "சிந்தனை, சீக்கிரம் யோசிப்பா!" என்று கத்தினார்கள்.

அக்கா அமோகமாக ஜெயித்தாள். சிந்தனைக்கு விழுந்தது நாலு ஓட்டு.

சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தலைவர் அவனைக் கூப்பிட்டாள். "டேய், உன் பசங்க நாலு பேரையும் பாத்தேன். நாங்க உனக்குத்தான் போட்டோம்னு சத்தியம் பண்றானுங்க."

"ஆமா, போட்டானுங்க."

"அப்ப உன்னோடதும் சேத்து அஞ்சு வரணுமே?"

தம்பி வாஷிங் மெஷினைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"போனைக் குடு. இப்ப என் ஷிஃப்ட்."

தேர்தல் முடிந்ததுமே ஷிஃப்டும் முடிந்துவிட்டது. அக்கா அதைச் சொல்லவில்லை. போனை அவனிடம் நீட்டி, தன் காலை மடக்கி, சோபாவில் அவனுக்கு இடம் விட்டாள்.