பொற்கொடியின் துணைக்கால்கள்

இணைய உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் ஒரு நீட்சி வெளியாகும்போது, நன்றிப் பட்டியலில் நிரல் எழுதியவர் இருப்பார். சின்னம் வரைந்தவர் இருப்பார். பிழையைச் சுட்டிக்காட்டி வாய்க்கு வந்தபடி ஏசியவர்கூட இருப்பார். மூலநிரலைச் சுமந்துபோய் ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஓடும்படி தொகுத்துக் கொண்டுவந்தவள் இருக்கமாட்டாள். பட்டியலில் பெயர் இல்லாதவர்களைக் கிண்டியிலிருந்த அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி ஏற்றிக்கொள்வதில்லை. ஆகவே பொற்கொடி பதினோரு ஆண்டுகளாகப் படியேறினாள்.

மாடிக்கு ஓர் இயங்குதளம். முதல் மாடியில் ஒரு வரி முடிந்தால் இடக்கோடிக்குத் திரும்பி வந்து, பிறகுதான் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். மற்ற மாடிகளில் நின்ற இடத்திலேயே இறங்கிவிடலாம். இரண்டாம் மாடியில் பிரிக்கக்கூடிய எதையும் பிரித்துத்தான் வைப்பார்கள். மூன்றாம் மாடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் முன்பின் அறியாதவைபோல நடந்துகொள்ளும். மூன்று மாடிகளிலும் தொகுத்தவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் நீட்சி வெளியாகும். இல்லையென்றால் தரைத்தளத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எழுதியவர்கள் மேலே வரக் கூடாது. வந்தால் “என் கம்ப்யூட்டர்ல ஓடுதே” என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு மாடிக்கு முப்பத்து நான்கு படிகள். மூன்று மாடியும் ஏறி இறங்க இருநூற்று நான்கு. சென்ற வாரம் மருத்துவர் அவளுடைய முழங்கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இருநூற்று ஆறு படிகள் மீதி என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு நீட்சி. அதன்பின் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த ஒன்றை எழுதியவன் டெரன்ஸ். இணையப் பக்கங்களில் விடுபட்ட ஒற்றெழுத்துகளைத் தேடிப் போட்டுவிடும் நீட்சி அது. தரைத்தளத்தில் மூலநிரலை அவள் கையில் கொடுக்கும்போது அவன் காதைச் சொறிந்தான்.

“அக்கா, இந்தத் தடவ உங்க பேரையும் போட்டிருக்கேன். எட்டாவதா.”

“டீ வாங்கிக் கொடுத்தவர் எத்தனாவது?”

“அஞ்சாவது.”

“சரிதான். டீ நல்லாத்தான் இருந்துச்சு.”

“பதினோரு வருஷமா நீங்கதான் ஏறிட்டு இருக்கீங்க. எனக்கு நேத்துதான் உறைச்சுது.”

“உறைச்சுதே, அது போதும் தம்பி.”

நன்றி சொல்ல அவளுக்கு வராது. அதனால் மூலநிரலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இடுப்பில் அணைத்துக்கொண்டு ஏறினாள். இந்த நீட்சி வெளியானால் பெயரும் வெளியாகும். பெயர் வெளியானால் மின்தூக்கி ஏற்றிக்கொள்ளும்.

முதல் மாடியில் சிக்கலின்றி முடிந்தது. இரண்டாம் மாடியில் மேற்பார்வையாளர் லத்தீஃப், தொகுத்து வந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மேடம், இந்தப் ‘பெற்கெடி’ யாரு?”

“நான்தான் சார்.”

“அப்போ அதுவும் உங்களோடதுதானா?” என்று தண்ணீர் கேன் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே இரண்டு துணைக்கால்கள் நின்றிருந்தன. ‘பொ’விலிருந்து ஒன்று, ‘கொ’விலிருந்து ஒன்று. அந்த மாடியின் வழக்கப்படி பெயரிலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். மற்ற ஏழு பெயர்களிலும் ஒகரமோ ஓகாரமோ இல்லாததால் வேறு எவருக்கும் கால் பிரியவில்லை. முதல் மாடியில் தொகுத்ததில் கால்கள் சேர்ந்திருந்தன. இரண்டும் பொருந்தவில்லை.

“நன்றிப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடலாம் மேடம், பொருந்திடும். இத்தனை வருஷம் உங்க பேர் இல்லாமத்தானே வெளியாச்சு?”

“பேர் இல்லாம வெளியாச்சு சார். நான் இல்லாம வெளியாகல.”

லத்தீஃப் “வாஸ்தவம்” என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மாடியில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். டெரன்ஸைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“தம்பி, என் பேர்லேருந்து கால் ரெண்டும் கழண்டு நிக்குது.”

“எந்த மாடியில அக்கா?”

“ரெண்டாவதுல.”

“அப்போ மூலநிரல்லயே பிரிச்சு எழுதிடறேன். பக்கத்துல பக்கத்துல நின்னா சேர்ந்த மாதிரியேதான் தெரியும். கீழ கொண்டு வாங்க.”

அவள் கணக்குப் போட்டாள். அறுபத்தெட்டு ஏறியாயிற்று, நூற்று முப்பத்தெட்டு மீதி. இறங்கிவிட்டு மறுபடி மூன்று மாடி ஏற அது போதாது. துணைக்கால்களின் பக்கம் திரும்பினாள்.

“நான் ஏறினப்ப எல்லாம் என் பேருக்குள்ள சொகுசாத்தானே இருந்தீங்க? ஒரு நடை போயிட்டு வாங்க.”

எழுத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பதே பிறவித் தொழில் என்பதால், மூலநிரலை இடையில் தாங்கிக்கொள்வது அவற்றுக்குச் சிரமமாக இல்லை. இறங்கின. சற்று நேரத்தில், முதல் மாடியிலும் தொகுத்துவிட்டு அவை ஏறிவரும் ஓசை கேட்டது. பதினோரு ஆண்டுகளில் தன் காலடிச் சத்தத்தை வெளியிலிருந்து அவள் கேட்டது அதுவே முதல் முறை. அவசரமும் சலிப்பும் இல்லாத நடை. இந்த நடைக்கு யாராவது முன்பே நன்றி சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள். யாரும் சொல்லாததால் தானே சொன்னாள். எளிதாகத்தான் வந்தது.

மூன்றாம் மாடிக்கும் அவையே ஏறின. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை; தமிழில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கிடையாது. நான்கு மணிக்கு மூன்றும் பொருந்தின. நீட்சி வெளியானது. மின்தூக்கி இரண்டாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்து காத்திருந்தது. அவள் ஏறிக்கொண்டாள். உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது.

கீழே டெரன்ஸ் நின்றிருந்தான். “அடுத்த தடவ உங்களை மேல கொண்டுபோயிடறேன் அக்கா. டீக்காரருக்கு முன்னாடி.”

“நான் எட்டாவதாவே இருந்துக்கறேன். ஒன்பதும் பத்தும் என் கால்களுக்கு விடு.”

பொற்கொடி அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அங்கே வேலை செய்தாள். மின்தூக்கியில் போய் மின்தூக்கியில் வந்தாள். இப்போது ஓய்வுபெற்று ஆவடியில் ஒரு தரைத்தள வீட்டில் இருக்கிறாள். மீந்த படிகளை வாக்குச்சாவடிக்கும் தியேட்டர் பால்கனிக்கும் மட்டும் எடுத்துக்கொள்கிறாள். துணைக்கால்கள் ஞாயிறுதோறும் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். சென்ற ஞாயிறு ஒன்று மட்டும் பத்திரிகையோடு வந்தது. மற்றதற்குக் கல்யாணம், பெண் ஓர் ஒற்றைக்கொம்பு. மண்டபம் முதல் மாடியில் இருக்கிறது. ஏற இருபத்திரண்டு படிகள், இறங்க இருபத்திரண்டு. பொற்கொடி அவற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டாள்.