ரயில் கிரீம்

கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூருக்குக் காலை வண்டி ஏறும் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தினமும் பக்கத்தில் உட்காருகிறவள் எதை விற்றாலும் வாயைத் திறக்காமல் வாங்குவார்கள். முகம் தெரியாத கம்பெனியைவிட முகம் தெரிந்தவள் மேல் என்ற நினைப்பு. புடவைக்கும் ஊறுகாய்க்கும் அது சரி. முகத்துக்குப் பூசுகிற கிரீமையும் அப்படித்தான் வாங்கினார்கள். வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்து கிடையாது. விற்றவள் ஷோபா. வாங்கியவர்களில் ஒருத்தியான ஷைலாவுக்கு நாத்தனார்.

ஷைலா மாதக்கணக்கில் பூசினாள். முதலில் முகம் பளபளத்தது. பிறகு தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, வெயில் பட்டாலே மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. பெங்களூரில் தோல் டாக்டரம்மா டப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. கைக்குழந்தை தோல்ல பட்டா இன்னும் மோசம். என்ன கலந்திருக்குன்னு எழுதாத எதையும் தொடாதே. அட்டையைத் திருப்பிப் படி. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போட்டிருப்பாங்க. வாசனை இல்லாம, தண்ணிக்கு அடுத்து கிளிசரின் இருந்தா உன் முகத்துக்கு இப்ப அது போதும்."

ஊர் திரும்பியதும் ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் ஷைலா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினாள். கடைக்காரர் முனகினார். முனகட்டுமே, முகம் அவருடையதா? தங்க மூடி போட்ட விலையுயர்ந்த ஜாடியிலும் மலிவு டியூப்பிலும் முதல் நாலு பெயர்கள் ஒன்றேதான். ஜாடி பெருமையடித்த குங்குமப்பூ, பட்டியலில் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் கடைசியில் கிடந்தது. ஷைலாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மலிவு டியூப்பை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். ஷோபாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் ஷோபா கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலின்மேல் ஷைலாவின் கைக்குழந்தை வின்னி. பக்கத்தில் வெள்ளை டப்பா திறந்திருந்தது. குழந்தையின் கன்னம் இரண்டும் ரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தன.

"இன்னாடி பண்ற?"

"காது குத்துக்குப் போட்டோ எடுக்கணுமே அண்ணி. ஒரு வாரமா போடறேன். பாப்பா இன்னா கலரு வந்துச்சி பாரு."

ஷைலாவுக்குக் கண் இருண்டது. குழந்தையைப் பிடுங்கிப் பாயில் கிடத்திவிட்டு ஷோபாவை அறைந்தாள். ஷோபா அவள் கூந்தலைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினாள். குழந்தை வீறிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த புருஷன் திலீப் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. பெண்டாட்டியின் இடுப்பில் ஓங்கி உதைத்தான்.

"என் தங்கச்சி மேலயே கை வெக்கிறியா?"

ஷைலாவின் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. வலி இருந்தது, பயம் மட்டும் போயே போய்விட்டது. அவள் டப்பாவை எடுத்து, ஷோபாவைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றினாள்.

"நல்ல கிரீம்தானே? ஊருக்கே விக்கிறியே, உன் மூஞ்சில ஒரு நாளாச்சும் போட்டியா? இன்னிக்குப் போடு."

விரல் நிறைய வழித்து அப்பினாள். ஷோபா அவள் கையைக் கடித்தாள், உதறினாள், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"வேணாம் அண்ணி! தோலு போயிடும்! வேணாம்!"

ஷைலாவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த திலீப்பின் கை அப்படியே நின்றது.

"தோலு போயிடுமா? தெரிஞ்சேவா பாப்பாக்குப் போட்ட?"

ஷோபா முந்தானையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். "நீதானே அண்ணா சொன்ன? கருப்பா பொறந்திருக்குது, காது குத்துக்கு ஆளுங்க வர்றதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுன்னு நீதானே சொன்ன? எரியும்னு சொன்னேனே, எரிஞ்சா எரியட்டும்னியே!"

ஷைலா புருஷனைப் பார்த்தாள். அவன் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

அவள் எழுந்து போய் ஈரத்துணியால் வின்னியின் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் குழந்தை துடித்தது. அதைக் காணப் பொறுக்காமல் அவளும் அழுதாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த இரும்புக் கம்பியை எடுத்தாள்.

திலீப் வாசலை மறித்தான். குரல் இறங்கியிருந்தது. "குடு ஷைலா. கொழந்தைய நான் தூக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"தொட்டா கைய ஒடைப்பேன்."

பெண்டாட்டி சொல்லுகிறாள், செய்யவா போகிறாள் என்று அவன் கையை நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டது.