பல் டாக்டர் பெண்டாட்டியிடம் ஓர் அப்பாயின்ட்மென்ட்

என் மனைவி பல் டாக்டர். அவளுக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது, பல்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் சிரித்துவிட்டால் போதும், "ஓ, அந்தக் கோணல் பல்லா! வாங்க வாங்க!" என்று பல வருடம் பழகியவள்போல் குசலம் விசாரிப்பாள். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்தவன்தான் நான். கட்டிய புருஷனுக்கே அந்தக் கதி வரும் என்று யார் கண்டது?

கிளினிக்கில் இவளோடு வேலை பார்த்த இன்னொரு டாக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு அவர் நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துவிட, அவருடைய நோயாளிகள் மொத்தமும் இவள் தலையில் விழுந்தார்கள். அன்றிலிருந்து நான் கண் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவாள். அவள் திரும்புவதற்குள் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். நான் சோபாவுக்கு உறை தைப்பவன். எனக்கும் பகலெல்லாம் குனிந்து முதுகு ஒடியும். முந்தின இரவே நான் கட்டி வைக்கும் மதியச் சாப்பாடு கட்டியபடியே திரும்பி வந்தது. ஆள் இளைத்துத் துரும்பாகிவிட்டாள். ஒரு நாள் லீவு போடேன் என்று போனில் கெஞ்சினால், "ஏங்க, இங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்புறம் வந்தபாடில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. இப்படியே போனால் ஒன்று அவள் படுக்கையில் விழுவாள், இல்லை நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு அந்நியர்கள் ஆகிவிடுவோம்.

பொறுக்க முடியாமல் கிளினிக்குக்கே போன் போட்டேன். எடுத்தது ரிசப்ஷனில் உட்காரும் என் மச்சினி. அக்காள் அறைக்குள் அவளைத் தாண்டி ஓர் ஈகூட நுழைய முடியாது.

"உங்க அக்காவைப் பார்க்கணும்மா."

"பல்லுல என்ன பிரச்சினை மாமா?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. என் பொண்டாட்டியைப் பார்க்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. வலி இருந்தா சொல்லுங்க, வியாழக்கிழமை மதியம் தர்றேன்."

"வலிக்குது."

"எங்கே?"

"நெஞ்சுல."

"அதுக்கு வேற டாக்டர்."

"சரி தாயே, கடைவாய்ப் பல்லுல."

"அப்படி வாங்க வழிக்கு."

வியாழக்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கழுத்து வரை பச்சைத் துணி போர்த்தி, விளக்கு கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டாள். நாற்காலி உறையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. யாரோ அவசரக் குடுக்கை செய்த வேலை. அதை நான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி புயல்போல் உள்ளே வந்தாள். வாயில் முகமூடி, கண்ணில் பூதக்கண்ணாடி. நான் அவளிடம் பேச நான்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"வாயைத் திறங்க சார்."

திறந்தேன். அவள் சொன்னால் செய்துவிடுவது எனக்கு ஊறிப்போன பழக்கம். திறந்த வாய்க்குள் பஞ்சும், எச்சில் உறிஞ்சும் குழாயும் போய்விட்டன. நான்கு வரியும் தொண்டையோடு நின்றன.

"இந்தப் பல்லை யார் சார் அடைச்சது? அருமையான வேலை."

அடைத்ததே அவள்தான். தூக்கக் கலக்கத்தில் அவள் பூதக்கண்ணாடி கடைவாயை விட்டு நகரவேயில்லை. "ஆ... ஆ..." என்றேன்.

"பேசாதீங்க சார்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதை ரசித்து முடிப்பதற்குள் கொக்கி ஒன்றால் எதையோ குத்தினாள். எனக்கு உச்சி முதல் பாதம் வரை ஆடியது. பொய்யாகச் சொன்ன இடத்தில் நிஜமாகவே சொத்தை இருந்தது. மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரத்துல மரத்துடும். பயப்படாதீங்க. என் வீட்டுக்காரரும் ஊசின்னா இப்படித்தான் நடுங்குவார்." குரல் சட்டென்று இறங்கியது. "அவர்கூடப் பேசியே எவ்வளவோ நாளாச்சு. நான் வீட்டுக்குப் போறப்ப சோபாவுல வாயைப் பிளந்துட்டுத் தூங்கிட்டு இருப்பார். எழுப்ப மனசு வராது. பக்கத்துல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பல்லைப் பார்த்துட்டு எழுந்துடுவேன். முன்பல்லு ஓரத்துல சில்லு பேர்ந்திருக்கும். நூலைப் பல்லாலயே கடிச்சு அறுப்பார் சார், கத்தரிக்கோல் கையிலேயே இருக்கும்..."

பேச்சு நின்றது. என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"அடப் பாவி மனுஷா! நீங்களா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. பஞ்சையும் குழாயையும் உருவி எறிந்துவிட்டு ஏதாவது ஆறுதலாகச் சொல்லப் பார்த்தேன். பாதி வாய் என்னுடையதாகவே இல்லை.

"ஹாப்ட்டியா?"

"இல்ல."

"ஹடு."

"வெளியே ஆள் காத்திருக்காங்க..."

"ஹடுன்னா ஹடு!"

இறங்கி, அவளைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தேன். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

டாக்டர் வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லத்தான் வெளியே போனேன், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. பல் சுத்தம் செய்ய வந்தவர்களும் வெள்ளையாக்க வந்தவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் கன்னம் ஒரு பக்கம் தொங்கியது. உதட்டோரம் எச்சில் ஒழுகியது. கழுத்தில் இருந்த பச்சைத் துணியில் துளி ரத்தம் வேறு.

"டாக்தர்... உள்ளே... ஹடுத்துட்டாங்க" என்றேன். யாரும் அசையவில்லை. பயப்படக் கூடாதே என்று சிரித்தும் வைத்தேன். அந்தச் சிரிப்பு வேலையைக் கெடுத்தது, அல்லது முடித்தது.

ஓர் அம்மாள் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்தார். "எனக்கும் அடுப்புதான்" என்றபடி ஒரு தடியர் அவர் பின்னாலேயே ஓடினார். கடைசி ஆள் ஒரு செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார்.

"நல்லா இருக்கு மாமா!" என்று மச்சினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து என் மனைவி தலை கலைந்து ஓடி வந்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

"எல்லாரும் எங்கேடி?"

"மாமாவைப் பார்த்ததும் குணமாயிடுச்சுக்கா."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குதுங்க" என்றாள். டப்பாவைத் திறந்து, அவசரமில்லாமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். நான் சாப்பிட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. நடுநடுவே என் எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கையைப் பார்த்து, "அந்தச் சொத்தையை இன்னும் அடைக்கலை. நாளைக்கும் இதே நேரத்தை ஒதுக்கி வை" என்றாள்.

மச்சினி பேனாவை எடுத்தாள். "மாமா பேர்லதானே?"

"இல்லடி. என் பேர்ல எழுது."