போம்பல்தாவின் விழா மலர்

ஸ்ரீராம்பூர் கடைத்தெருவில் மொலினாவின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. ஞாயிறு காலையில் எழுத்துப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். நடுவில் பொரியும் கத்தரிக்காய் பஜ்ஜியும் இருக்கும். மொலினா ஒரு பயிற்சி கொடுப்பாள், எல்லோரும் அங்கேயே எழுதிப் படிக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வார பஜ்ஜி அவர் செலவு.

அந்த ஞாயிறு மொலினா கொடுத்த பயிற்சி கொஞ்சம் வில்லங்கமானது. "உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு ஆளா மாறி, 'நான்'னு எழுதுங்க. அந்த ஆளைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது."

கூட்டத்தில் ஒருத்தியான, வங்கியில் வேலை பார்க்கும் சுதபாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போம்பல்தா கண்முன் வந்து நின்றார்.

போம்பல்தா, அதாவது போம்பல் அண்ணன், அவள் தெருத் துர்கா பூஜை விழா மலரின் ஆசிரியர். நகைக்கடை விளம்பரத்துக்கும் மிட்டாய்க்கடை விளம்பரத்துக்கும் நடுவே நாலு கதை போடுவார். சுதபா வருஷா வருஷம் கதை கொடுப்பாள். வருஷா வருஷம் அவர், "படிச்சேன் புச்கி, இடமில்லைம்மா" என்பார். அந்தப் 'புச்கி'தான் அவளுக்கு எரியும். வங்காளத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர் இரண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கும் தெருவுக்கும். வங்கியில் அவள் சுதபா ஹால்தார். தெருவில் நாற்பதை நெருங்கியும் அதே பொடிசு, புச்கி. தன் பள்ளிக்கூடத்துப் பெயரை ஒரு தடவையாவது அந்த மலரில் அச்சில் பார்த்துவிட வேண்டும், தெருவே அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வலைப்பூவில் எத்தனை எழுதினாலும் அந்த ஆசை தீரவில்லை.

போம்பல்தாவாக மாறி அவள் எழுதியது நன்றாகவே வந்தது. பூஜை நாளில் புது வேட்டி கட்டிக்கொண்டு மலர் விற்கும் மேசையருகே அவர் நிற்கிறார். யாராவது பிரிக்கிறார்களா என்று பார்க்கிறார். யாரும் பிரிக்கவில்லை, புழுக்கத்துக்கு அதை வைத்து விசிறிக்கொள்கிறார்கள். 'காற்றாவது வருகிறதே' என்று அவர் சந்தோஷப்படுகிறார்.

அறையில் எல்லோரும் சிரித்து உருண்டார்கள். மொலினா மட்டும் எச்சரித்தாள். "வலைப்பூவுல போடறதுன்னா ஒரு நாள் ஊறப் போட்டுப் போடு. உசுரோட இருக்கற ஆளு, பேரை மாத்திடு."

சுதபா ஊறவெல்லாம் போடவில்லை, அன்றைக்கே ஏற்றிவிட்டாள். பெயரை மாற்றினாள், அதுவும் எப்படி? போம்பல்தாவின் பள்ளிக்கூடத்துப் பெயரையே வைத்தாள், பவதாரண் மித்ரா என்று. அந்தப் பெயர் தெருவில் யாருக்குத் தெரியும்? வங்கிக்கு வருகிறவர் என்பதால் அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். மகா புத்திசாலித்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். சம்பந்தப்பட்டவருக்குத் தன் பெயர் தெரியும் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு அறை வாசலில் போம்பல்தா நின்றார், கையில் அவள் வலைப்பூவைத் திறந்த கைபேசி. சுதபா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள். போச்சு, இந்த ஜென்மத்தில் மலரில் இடம் கிடையாது என்று நினைத்தாள்.

"இது நீ எழுதினதா புச்கி?"

"ஆமா போம்பல்தா. தப்பா நினைச்சுக்காதீங்க, சும்மா பயிற்சிக்கு..."

"மூணு தடவை படிச்சேன்." அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மேசைகிட்ட நான் நிக்கறதை நீ எப்ப பார்த்தே?"

"வருஷா வருஷம் பாக்கறேனே. என் கதை இருக்கான்னு பாக்க நானும் அங்கதானே நிப்பேன்."

மொலினா நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"ஏம்மா, இவ்வளவு எழுதிட்டு இப்படியா கெடுப்பே? பவதாரண் மித்ராவாம். யாரு அவன்? அது நான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. போம்பல்னு மாத்து, மலர்ல முதல் கதையா போடறேன்."

சுதபாவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "இத்தனை வருஷம் இடமில்லைன்னீங்களே?"

"இத்தனை வருஷமும் லண்டன்ல மழை, பாரிஸ்ல காதல்னு எழுதினே. நீ ஹவ்ரா பாலத்தைத் தாண்டி கல்கத்தாவுக்கு அப்பால போனதே இல்லை. சரி, புச்கின்னு உன் பேரைப் போட்டுடறேன். சுதபா ஹால்தார்னா எவன் படிப்பான்?"

குதிப்பு அப்படியே அடங்கிவிட்டது. வருஷக்கணக்காகக் காத்தது இதற்கா? வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்றது மனசு. ஆனால் அவள் வாய் வேறு சொன்னது.

"அப்ப கதை வேண்டாம் போம்பல்தா."

"என்னடீ இது, பிடிவாதம்?"

"உங்களை நாலு பேருக்குத் தெரியணும்னு உங்களுக்கு இருக்கில்ல? எனக்கும் அதேதான். உள்ளே போம்பல்னு மாத்தறேன். மேல சுதபா ஹால்தார்தான் போடணும்."

"யாருன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். நீங்கதான் மேசைகிட்ட நிக்கறீங்களே, சொல்லுங்க."

போம்பல்தா டீயை உறிஞ்சினார். மேசையருகே தன்னிடம் ஒரு கூட்டம் வந்து கேள்வி கேட்பதை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது, முகம் மெல்ல மலர்ந்தது. "சரி, ஒழி" என்றார்.

பூஜையின் உச்ச நாளான அஷ்டமியன்று பந்தலில் மூச்சுவிட இடமில்லை. மலரால் யாரும் விசிறிக்கொள்ளவில்லை. பிரித்து, அடுத்தவர் தோளில் இடித்துச் சிரித்து, மேசையருகே வந்து, "யாரு இந்த சுதபா?" என்று கேட்டார்கள். புது வேட்டியில் போம்பல்தா பெண்வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். மொலினாவுடன் பந்தலின் மறுகோடியில் நின்ற சுதபாவைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"சுதபா!"

அவள் திரும்பவில்லை. அந்தத் தெருவில் அப்படி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. யாரோ சுதபாவைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் கூட்டத்தில் தேடினாள்.

"சுதபா, இங்க வாம்மா, உன்னைப் பாக்கணுங்கறாங்க!"

மொலினா முழங்கையால் இடித்தாள். "உன்னைத்தான்."

சுதபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டம் வழிவிட, அவள் நடந்தாள்.