ஏழு அறிக்கை, ஒரே வரி

எனக்கு எழுத வரவில்லையாம். மேனேஜர் என் விபத்து அறிக்கையை மேஜைமேல் விட்டெறிந்து சொன்னார்.

"என்னம்மா இது, கதை மாதிரி? ரிப்போர்ட் எழுத ரெண்டு நாள் கிளாஸ் நடக்குது, போய்க் கத்துக்கிட்டு வா. இந்தப் பழைய ஃபைல் மாதிரியே வேணும்."

கதையாம் கதை! தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் கை போனால் உடனே நிறுத்தும் சென்சாரைக் கழற்றச் சொன்னவரே இவர்தான். வேலை வேகமாக நடக்க வேண்டுமாம். மாட்டேன் என்று மல்லுக்கு நின்றேன். என் கண்ணெதிரே வேறு ஆளை விட்டுக் கழற்றினார். ஒன்பதாம் நாள் அந்த மெஷினை ஓட்டும் மீசை அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பராமரிப்புப் பிரிவில் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்று நான் எழுதிவிட்டால் அண்ணனுக்கு வேலையும் போய்விடும். பத்தொன்பது வருஷம் அந்த மெஷினோடு மாரடித்த மனுஷன்.

வகுப்பெடுத்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"ஒவ்வொரு வரிக்கும் கேளுங்க. யார் பார்த்தா? எப்போ? உங்களுக்கு எப்படித் தெரியும்? பதில் இல்லாத வரியை அடிச்சிருங்க."

பழைய ஃபைலை விரித்தேன். ஏழு விபத்து, ஏழு அறிக்கை. முந்தைய அறிக்கையை எடுத்துத் தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஏழிலும் அதே வரி. விடுமுறை நாளில், பூட்டிய கிடங்கில், மின்கசிவால் தீப்பிடித்ததற்கும் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்! பூட்டுக்குள் எந்தத் தொழிலாளி இருந்தான்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் மூன்று அறிக்கைகளின் கீழே என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து புதிதாக எழுதினேன். முதலில் 'அநியாயம்', 'கொடுமை' என்று கொட்டியதையெல்லாம் அடித்தேன். மிஞ்சியது ஒரே பக்கம். சென்சார் கழற்றிய தேதி, நேரம், சொன்னவர், கழற்றியவர், நின்று பார்த்த நான்.

மேனேஜருக்குப் படிக்கப் படிக்க முகம் கறுத்தது.

"என் பேரை எடு. கவனக்குறைவுன்னு போடு."

"போடறேன் சார். அதை யார் பார்த்தா? பேரைச் சொல்லுங்க, சேர்த்துக்கறேன்."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதான் ஒழுங்கா எழுதியிருக்கேன். இது விசாரணைக் குழுவுக்குப் போகுது. நீங்க வேற எழுதணும்னா எழுதி, உங்க கையெழுத்தைப் போடுங்க."

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அடிபட்டவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார்.

"இத்தனை வருஷத்துல, இங்க கையெழுத்து போடுன்னுதான் சொல்லுவாங்க. படிக்க விட்டதே இல்லம்மா."

கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எழுத்து எழுத்தாகப் போட்டார். கோணல்மாணலாக வந்தது.

"நல்லா வரலயே. வேற தாள்ல போடட்டுமா?"

"வேணாம்ணே. இதையே விசாரணைக் குழு பார்க்கட்டும்."