ஒதுக்கிய இடம்

தையல்கார அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது கவுன்சிலரே வீடு தேடி வந்தார். இனி இந்த வார்டு பெண்களுக்குத்தான் என்று அறிவிப்பு வந்த மறுநாள் அது. கட்சிக்காக அவள் ஏறாத படியில்லை. "பொம்பளை நிக்கலாம்னு வந்தா முதல் ஆளு நீதாம்மா" என்று மேடைக்கு மேடை சொன்னவர் இவர்தான்.

"என் மருமக நிக்கிறாம்மா. அவளுக்குத் தெருவும் தெரியாது, ஆளும் தெரியாது. நீதான் வீடு வீடா கூட்டிட்டுப் போகணும்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, மகளிர் அணியில நல்ல பதவியா வாங்கித் தரேன்."

அவள் நூலை நறுக்கிவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வேணாங்க. நானே நின்னுக்கிறேன்."

சுயேச்சையாக நின்றாள். குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் தன்னோடு கால்கடுக்க நின்ற பெண்கள் கைவிட மாட்டார்கள் என்று நம்பினாள். அவர்களோ முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால், "ஆம்பளைத் துணை இல்லாம இவ என்னத்தக் கிழிப்பா?" என்றார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் மனசில் இருந்ததை மறைக்கவில்லை.

"கோவிச்சுக்காதக்கா. அந்தப் பொண்ணு ஜெயிச்சா மாமனார் எல்லாத்தையும் முடிச்சுக் குடுப்பாரு. உன் பேச்சை அங்க யாரு கேப்பா?"

அக்காவுக்கு டெபாசிட்டும் போயிற்று. மருமகள் ஜெயித்தாள். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வார்டை ஆண்டது என்னவோ மாமனார்தான்.

மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. எதிர்வீட்டுக்காரி முழங்கால்வரை நனைந்து ஓடிவந்தாள்.

"அக்கா, கவுன்சிலரம்மா வீட்டுக்குப் போனேன். கதவிடுக்குல நின்னுக்கிட்டு, 'மாமா வெளியூர் போயிருக்காங்க, அவங்க வராம நான் எதுவும் சொல்லக் கூடாது'ங்கறா. அழுதுருவா போல இருக்கு. நகராட்சி ஆபீசுல நீ வந்து ஒரு வார்த்தை பேசேன்."

"தோத்தவ பேச்சை இப்ப மட்டும் யாரு கேப்பா?"

எதிர்வீட்டுக்காரி தலைகுனிந்தாள். "தப்புப் பண்ணிட்டோம்க்கா."

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கினாள். நடந்துகொண்டே சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை:

"சட்டம் நமக்குன்னு ஒரு இடத்தை ஒதுக்குச்சுடி. ஆம்பளைங்க நம்மள ஒதுக்குனது பழைய கதை. நம்மள்ல ஒருத்திய நாமளே ஒதுக்குனோம் பாரு, அதை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்?"